புஷ்ஷை எரிக்காதீங்க, அமுக்கி எடுங்க

புனே மாதிரி ஊர்ல பழைய பிக்கப் வண்டியை நம்பிப் பொழைக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர். இட்லி மாவு சப்ளை, தண்ணி கேன், காய்கறி, கேட்டரிங் பாத்திரம், பந்தல் சாமான், வீடு மாத்தற வேலைன்னு ஆளுக்கொரு தொழில். சொந்தமா வண்டி இல்லாத நம்மளும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தா கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாத்தையும் இந்த வண்டில ஏத்தித்தான் அடுத்த ஊருக்குக் கெளம்பறோம். அதனால இதை வண்டிக்காரங்க சமாச்சாரம்னு தாண்டிப் போயிடாதீங்க.

சொல்ல வர்றது இதுதான். தேஞ்சுபோன சஸ்பென்ஷன் புஷ்ஷை காஸ் நெருப்பு வச்சு எரிச்சு எடுக்கற பழக்கம் நிக்கணும். அதை நிறுத்தற பொறுப்புல மெக்கானிக்கைவிடப் பெரிய பங்கு வண்டி ஓனருக்கும், அவருக்குக் கடன் குடுக்கற என்னை மாதிரி ஆளுங்களுக்கும் இருக்கு.

பி.காம் படிச்சுட்டு பேங்க்ல லெட்ஜர் பாக்கறவனுக்கு புஷ்ஷைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி :-) வண்டிக் கடன் கோப்பு எங்க மேஜைக்குத்தான் வருது. வண்டி நின்னா மூணாவது மாசம் இ.எம்.ஐ நிக்குது. ஏங்க கட்டலைன்னு கேக்கப் போனா பதில் பாதி நேரம் பட்டறையில இருக்கு. அப்படிப் பட்டறை வாசல்கள்ல நின்னு நின்னு தெரிஞ்சுகிட்டதுதான் இதெல்லாம்.

முதல்ல புஷ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. வண்டியோட அச்சையும் சேஸிஸையும் இணைக்கிற இடத்துல இரும்பும் இரும்பும் நேரா உரசக் கூடாது. அதுக்காக நடுவுல ஒரு ரப்பர் உருளை வைப்பாங்க. வெளியில ஒரு இரும்புக் குழாய், உள்ள ஒரு சின்ன இரும்புக் குழாய், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர். இந்த ரப்பர் ரெண்டு குழாயோடயும் ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். சும்மா செருகி வச்சது இல்ல. இந்த வகையை சைலன்ட் பிளாக்னும் சொல்வாங்க. பிக்கப் வண்டிகள்ல பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைதான். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் மாதிரி வண்டிகள்ல முன்பக்கமும் பட்டைதான். பட்டையோட ரெண்டு முனையும் வளைஞ்சு வளையமா இருக்கும். அந்த வளையத்துக்குள்ள ஒரு புஷ். ஒரு முனை ஹேங்கர்ல போல்ட்டோட நிக்கும், இன்னொரு முனை ஷேக்கிள்ல தொங்கும். ஷேக்கிளோட மேல் பக்கத்துலயும் புஷ் உண்டு. முன்னாடி ஆர்ம் வச்ச வண்டின்னா அந்த ஆர்ம்லயும் இருக்கும்.

இதுல ஒரு விஷயத்தை நல்லா மனசுல வச்சுக்கணும். ரப்பர் புஷ் உள்ளுக்குள்ள வழுக்கிச் சுத்தறது இல்ல. சக்கரம் பள்ளத்துல இறங்கி ஏறும்போது ரப்பர் முறுக்கிக்கிட்டுத் திரும்ப வருது, அவ்வளவுதான். அதனாலதான் அதுக்கு கிரீஸும் வேண்டாம், பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம். எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துப் போயிடும். பெரிய லாரிகள்ல பித்தளை, கன்மெட்டல் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் இருக்கும். அங்க கிரீஸ் அடிச்சே ஆகணும். லாரியில பழகின கை பிக்கப் ரப்பருக்கும் கிரீஸ் பூசினா நல்லதுன்னு நினைச்சே கெடுத்துடும்.

புஷ் தேஞ்சுதுன்னா வண்டி தானாவே சொல்லும். ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது கீழ இருந்து "கடக் கடக்"னு சத்தம். பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்கும். நேர் ரோட்லயும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கிட்டே ஓட்டணும். டயர் ஒரு ஓரமாத் தேயும். டிரைவர்கள் இதுக்கெல்லாம் பழகிப் போயிடறாங்க. சத்தம் ஜாஸ்தின்னா டேப்ல பாட்டோட சத்தத்தையும் ஜாஸ்தி பண்ணிடறாங்க.

சரி, இதை எடுக்கறது எப்படி?

வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, சேஸிஸை ஸ்டாண்ட்ல தாங்க வச்சு, அச்சுக்குத் தனியா முட்டுக் குடுக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகக் கூடாது. செங்கல் அடுக்கி வைக்கிறதும் கூடாது, செங்கல் சொல்லாமக் கொள்ளாம உடையும். துருப் பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற எண்ணெய் விட்டு வச்சா மறுநாள் பாதி சண்டை மிச்சம். யூ போல்ட்டைக் கழட்டி, ஷேக்கிளைக் கழட்டிப் பட்டையை வெளில எடுக்கணும். இதுவரைக்கும் எல்லாப் பட்டறையிலயும் ஒரே மாதிரிதான்.

வித்தியாசம் இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. வளையத்துக்குள்ள வருஷக்கணக்கா இறுகிக் கெடக்கிற புஷ்ஷை வெளிய தள்ளணும். சரியான வழி ஹைட்ராலிக் பிரஸ். வளையத்துக்கு அடியில புஷ்ஷைவிடக் கொஞ்சம் பெரிய குழாய்த் துண்டைத் தாங்கலா வச்சு, மேல இருந்து புஷ்ஷோட வெளிக்குழாய் அளவுக்கே ஒரு வட்டத்தை வச்சு அமுக்கினா "டொக்"னு ஒரு சத்தம், புஷ் இறங்கி வந்துடும். பிரஸ் இல்லைன்னா நீளமான உறுதியான போல்ட், கனமான வாஷர்கள், ஒரு குழாய்த் துண்டு, நட்டு. இதை வச்சு முறுக்கி முறுக்கி இழுக்கலாம். லேத் பட்டறையில சொன்னா செஞ்சு குடுத்துடுவாங்க. இந்த ரெண்டும் முடியலைன்னா ரப்பரை டிரில் போட்டுத் துளைச்சு உள்குழாயை எடுத்துட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ள விட்டு வெளிக்குழாயை மட்டும் நீளவாக்குல அறுத்து, உளியால உள்பக்கமா மடக்கி எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனா வளையத்துல கீறல் விழாமப் பாத்துக்கிட்டா நல்ல வேலைதான்.

பரவலா நடக்கறது வேற. காஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்து நேரா புஷ் மேல காட்டறது. ரப்பர் பத்திக்கிட்டுக் கரும்புகை விடும். உள்குழாயைச் சுத்தியல்ல தட்டினா விழுந்துடும். "ஹோ கயா சாப்"னு மெக்கானிக் சிரிப்பார். பாக்கறவங்களுக்கும் வேலை மளமளன்னு நடக்கற மாதிரி இருக்கும்.

இதுல எனக்கு மூணு ஆட்சேபணை.

முதல் ஆட்சேபணை பட்டைக்காக. ஸ்பிரிங் பட்டை சாதாரண இரும்பு இல்ல. அதைச் சூடாக்கி, எண்ணெயில முக்கிக் குளிர வச்சு, மறுபடி சுமார் 400, 500 டிகிரில பதம் பண்ணினதாலதான் அதுக்கு வளைஞ்சு நிமிரற குணமே வருது. ஆக்ஸிஜன் அசிட்டிலீன் நெருப்போட சூடு 3,000 டிகிரிக்கும் மேல. அதை வளையத்துல காட்டி, இரும்பு சிவக்கிற அளவுக்குப் போனா, அந்த இடத்துல பதம் போச்சு. சிவந்த இடத்துல தண்ணி ஊத்திக் குளிர வச்சாங்கன்னா இன்னும் மோசம், அந்த இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கற தன்மைக்குப் போயிடும். எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் அடிச்சு மாட்டிட்டா புதுசு மாதிரியே இருக்கும். ஒண்ணரை டன் சுமையோட காட் ரோட்ல இறங்கும்போது மெயின் பட்டை வளையத்துக்கிட்ட விட்டுடுச்சுன்னா அச்சு ஒரு பக்கம் நகர்ந்துடும். அப்புறம் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் பிரயோஜனம் இல்ல. அந்த கேபின்ல டிரைவர் மட்டுமா இருப்பார்? மாவு பாக்கெட் இறக்கற பையனும், சில நேரம் ஓனரோட பொண்டாட்டியும் இருப்பாங்க.

ரெண்டாவது ஆட்சேபணை புகைக்காக. வண்டி ரப்பர்ல கரித்தூள் இருக்கு, கந்தகம் இருக்கு. எரிஞ்சா வர்றது சும்மா கரி இல்ல. கந்தக வாயுவும், புற்றுநோய் உண்டாக்கற சேர்மங்கள் ஒட்டின மசியும் சேர்ந்து வருது. மெக்கானிக் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கை தூரத்துல நிப்பார். பட்டையைக் குறடால பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே குந்தி இருக்கறது யாரு? சோட்டு. இந்த ஊர்ப் பக்கம் பட்டறைப் பையனுக்கு வேற பேரே கிடையாது, எல்லாரும் சோட்டுதான். அவனுக்கு முகமூடி கிடையாது. கண்ணாடி கிடையாது. மூக்கைச் சட்டைக் காலர்ல புதைச்சுக்குவான், அவ்வளவுதான். 2016 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குக் கீழ யாரையும் எந்தக் கடையிலயும் வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழில்ல பள்ளிக்கூட நேரம் போகக் கைகுடுக்கறதுக்கு மட்டும் விலக்கு இருக்கு. 14ல இருந்து 18 வரை அபாயமான வேலையில வைக்கக் கூடாது. சோட்டுவோட வயசைக் கேட்டா "அட்டாரா"ன்னு டக்குன்னு பதில் வரும். மீசை வந்த பாடில்லை.

நம்ம பிள்ளை பக்கத்து வீட்ல ஊதுபத்திப் புகைன்னாலே இருமறான்னு ஜன்னலைச் சாத்தற ஆளுங்க நாம. நம்ம வண்டிக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்தப் புகையைக் குடிக்கிறதை நின்னு பாத்துட்டு, "சீக்கிரம் முடிப்பா"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

மூணாவது ஆட்சேபணை இந்த வேலையைப் பத்தியே. நெருப்பு வச்சாலும் வேலை பாதிதான் முடியுது. ரப்பர் எரிஞ்சு போச்சு, உள்குழாய் விழுந்துடுச்சு, ஆனா வெளிக்குழாய் இன்னும் வளையத்துக்குள்ளயே இறுகித்தான் நிக்குது. அதை மறுபடி ஹேக்ஸாவோ உளியோ வச்சுத்தான் எடுத்தாகணும். அதே ரப்பரை டிரில் போட்டும் எடுத்திருக்கலாமே. அப்புறம் எதுக்கு இந்தப் புகை? மிஞ்சிப் போனா கால் மணி நேர லாபம்.

இப்ப நமக்குத் தெரிஞ்ச பாஷைக்கு வருவோம், கணக்கு. கீழ இருக்கற தொகை எல்லாம் உதாரணத்துக்காக நான் வச்சுக்கிட்டது. உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாத்துக்குங்க.

ஒரு செட் புஷ் 800 ரூபாய்னு வச்சுக்குவோம். எரிச்சு மாத்தற கூலி 500. வண்டி அரை நாள் நிக்குது. ஒரு நாள் வருமானம் 1,500ன்னா அரை நாளுக்கு 750 நஷ்டம். மொத்தம் 2,050. பிரஸ்ல எடுத்துப் போட்டா அதே புஷ் 800, லேத் பட்டறைக்குக் கொண்டு போய் வர்றதையும் சேர்த்துக் கூலி 900, வண்டி முழு நாள் நிக்குது, அதுக்கு 1,500. மொத்தம் 3,200. ஓனர் கண்ணுக்கு எரிக்கிறது 1,150 ரூபாய் மிச்சம். அதனால எரிக்கச் சொல்றார்.

கணக்கை ரெண்டு வருஷத்துக்கு நீட்டிப் பாருங்க. சரியாப் போட்ட புஷ் ரெண்டு வருஷம் உழைக்குதுன்னும், சுத்தியல்ல அடிச்சு ஏத்தின புஷ் ஆறு மாசத்துல போயிடுதுன்னும் வச்சுக்குவோம். நாலு தடவை 2,050ன்னா 8,200. பிரஸ் கணக்கு 3,200தான். 5,000 ரூபாய் வித்தியாசம். ஆறு மாசம் வேண்டாம், ஒரு வருஷமே உழைச்சாலும் 4,100 ஆகுது, அப்பவும் 3,200 குறைச்சல்தான். ஓரமாத் தேஞ்ச டயரோட விலையை இதுல நான் சேர்க்கவே இல்ல. அதைச் சேர்த்தா ஓனருக்குத் தலை சுத்தும்.

சுத்தியல்ல அடிச்சு ஏத்தினது ஏன் சீக்கிரம் போகுதுன்னு ஒரு கேள்வி வரும். புது புஷ்ஷை ஏத்தும்போது வெளிக்குழாய் விளிம்பை மட்டும்தான் அமுக்கணும். நடுவுல இருக்கற உள்குழாய் மேல அடிச்சா, ஒட்டி வார்த்த ரப்பர் உள்ளயே கிழியும். மாட்டும்போதே பாதி உசுரு போயிடும். நெருப்பு வச்ச வளையம் கொஞ்சம் விரிஞ்சிருந்தா புஷ் உள்ளயே ஆடிக்கிட்டிருக்கும். இதெல்லாத்தையும்விடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. வண்டி ஜாக்கில தொங்கும்போதே ஷேக்கிள் போல்ட்டைக் கடைசி வரைக்கும் முறுக்கிடறது. அப்படி முறுக்கினா, சக்கரம் தரையைத் தொட்டுப் பட்டை நிமிரற அந்த நிமிஷத்துலயே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். வண்டி சும்மா நிக்கும்போதும் ரப்பருக்கு ஓய்வு இருக்காது, சீக்கிரமே கிழியும். போல்ட்டை முதல்ல தளர்வா மாட்டி, வண்டியைக் கீழ இறக்கி, சக்கரத்துல முழு எடையும் வந்ததுக்கு அப்புறம்தான் கடைசி முறுக்கு. இதுக்குத் தனியா ஒரு பைசா செலவு கிடையாது. பத்து நிமிஷம் போதும். நீங்க பட்டறையில நின்னு கேட்டு வாங்க வேண்டியது முதல்ல இதைத்தான்.

எதிர்த்தரப்பையும் சொல்லணும் இல்லையா. மெக்கானிக்குகள் சொல்றது ஒண்ணும் பொய்யில்ல. "சாப், துரு ஏறி வெல்டிங் பண்ணின மாதிரி ஒட்டிக்கிச்சு, பிரஸ்லயும் வராது"ம்பாங்க. கடற்கரை ஓரம் ஓடின வண்டி, உப்பு மூட்டை ஏத்தின வண்டின்னா உண்மையிலயே அப்படி நடக்கும். அதுக்குத்தான் டிரில்லும் ஹேக்ஸாவும். டிரைவர் சொல்றதும் நியாயம்தான். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு மார்க்கெட் யார்டுல லோடு, நான் எங்க ரெண்டு நாள் நிக்கறது?" ஒரு நாள் வருமானம் போனா அந்த வாரம் ஸ்கூல் ஃபீஸ் போகும் வீட்டுக்கு, ரெண்டு வருஷக் கணக்கைக் காட்டி உபதேசம் பண்றது எனக்கு ஈஸி, மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. அதை மறுக்கலை. அதனாலதான் கடைசி நிமிஷத்துல, சத்தம் காதைப் பிளக்கும்போது பட்டறைக்குப் போகாதீங்கன்னு சொல்றேன். எப்படியும் வண்டி எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு அப்புறம் வருஷா வருஷம் ஃபிட்னஸுக்குப் போயாகணும். அன்னிக்கு எப்படியும் வண்டி நிக்கும். அதுக்கு முந்தின நாளை புஷ் பாக்கறதுக்குன்னு ஒதுக்கிட்டா தனியா ஒரு நாள் நஷ்டம் இல்ல.

இன்னொரு கோஷ்டியும் உண்டு. அவங்க எரிக்க மாட்டாங்க, அமுக்கவும் மாட்டாங்க. "புஷ் தனியா வராது சார், முழு ஆர்மையே மாத்திடுங்க"ம்பாங்க. சில நூறு ரூபாய் ரப்பருக்காகச் சில ஆயிரம் ரூபாய் இரும்பையும் சேர்த்து வாங்கணும். சில மாடலுக்கு உண்மையிலயே தனியா விக்கறது இல்ல. பல மாடலுக்கு வெளிக்கடையில தனியாவே கிடைக்குது, புனேல நானா பேட்ல அரை மணி நேரம் சுத்தினா தெரிஞ்சுடும். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில தாராளமாக் கிடைக்க விடலைன்னு 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. அது மேல்முறையீடு, கோர்ட்டுன்னு நீண்டுச்சு. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "ரிப்பேர் பண்ணிக்கிற உரிமை"க்குன்னே ஒரு இணையதளம் திறந்துச்சு. அதுல எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல வாகனமும் ஒண்ணு. நல்ல ஆரம்பம். ஆனா உரிமை குடுத்தா மட்டும் போதாது. ரிப்பேர் பண்ற ஆள்கிட்ட கருவி இருக்கணும்.

அங்கதான் எங்க ஆளுங்க வரணும்னு சொல்றேன்.

மெக்கானிக் ஏன் நெருப்பை எடுக்கறார்? அவர்கிட்ட இருக்கற ஒரே பலமான கருவி அதுதான். பிரஸ் இருந்தா அவரும் புகையைக் குடிக்க ஆசைப்பட மாட்டார். கையால பம்ப் அடிக்கற சின்ன ஹைட்ராலிக் பிரஸ் ஒண்ணும் யானை விலை இல்ல. 2015 ஏப்ரல்ல ஆரம்பிச்ச முத்ரா திட்டத்துல சிஷு பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும் ஈடு இல்லாமக் கடன் குடுக்கலாம். அதுக்குள்ளயே ஒரு பிரஸ்ஸும், ரெண்டு செட் ஸ்டாண்டும், நல்ல டிரில்லும் அடங்கிடும். பிக்கப் வாங்கறதுக்கு லட்சக்கணக்குல சந்தோஷமாக் குடுக்கறோம். அந்த பிக்கப்பை ஓட வைக்கிற ஆளுக்கு அம்பதாயிரம்னா "ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா, கடை வாடகை ஒப்பந்தம் இருக்கா"ன்னு அலைய விடறோம். ஜாக்கிரதையா இருக்கணும்தான். ஆனா ஒரு பட்டறையில பிரஸ் வந்தா, அந்தத் தெருவுல ஓடற நாப்பது வண்டியோட கடனுக்கும் அது ஒரு வகைல பாதுகாப்பு. எங்க மதிப்பீட்டாளர் என்ஜின் நம்பர் பாக்கறார், சேஸிஸ் நம்பர் பாக்கறார், டயர் பாக்கறார், கிலோமீட்டர் பாக்கறார். அடியில குனிஞ்சு புஷ்ஷை ஒரு கம்பியால நெம்பிப் பாக்கறவரை நான் பாத்ததில்ல. பழைய வண்டிக் கடனுக்கு அந்த ஒரு வரியையும் ரிப்போர்ட்ல சேர்க்கணும்.

2023 செப்டம்பர்ல பி.எம். விஸ்வகர்மா திட்டம் வந்துச்சு. 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பூட்டுச் செய்றவர், குயவர், தையல்காரர், முடி திருத்தறவர்னு நீளமான பட்டியல். கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, குறைஞ்ச வட்டியில கடன், பயிற்சி. ரொம்ப நல்ல விஷயம், குறை சொல்லலை. ஆனா அந்த 18ல வண்டி மெக்கானிக் இல்ல. கையாலயும் கருவியாலயும் பொழைக்கிறவர்னா அவரும்தானே? உளியும் சுத்தியலும் அவர் பையிலயும்தானே இருக்கு? பட்டியலை நீட்டற நாள் வந்தா பத்தொன்பதாவதா அவரைச் சேர்க்கணும்ங்கறது என் கோரிக்கை.

இப்ப வண்டி வச்சிருக்கற நம்ம மக்களுக்கு. வெளியூர்ல நமக்கு ஒரு பலவீனம் உண்டு. பாஷை சரியா வராததால பட்டறையில வாயைத் திறக்கறதில்ல. "டீக் ஹை, ஜல்தி கரோ" இந்த நாலு வார்த்தையோட நம்ம ஹிந்தி முடிஞ்சுடும். அதனால இந்த வாக்கியங்களை மனப்பாடம் பண்ணிக்குங்க. ஸ்பிரிங் பட்டைக்கு ஹிந்தியில கமானி. லேத்துக்கு கராத். "ஜலா கே மத் நிகாலோ, பிரஸ் ஸே நிகாலோ." எரிச்சு எடுக்காதே, பிரஸ்ல எடு. "காடி நீச்சே உதார் கே டைட் கரோ." வண்டியைக் கீழ இறக்கிட்டு முறுக்கு. "பச்சே கோ தூர் ரக்கோ." பையனைத் தள்ளி நிக்க வை. இலக்கணம் தப்பா இருந்தாலும் மெக்கானிக்குக்குப் புரியும், சிரிச்சுக்கிட்டே செய்வார். கூடவே, பிரஸ் இருக்கற இடத்துக்குக் கொண்டு போகற கூலியை நான் தர்றேன்னு முதல்லயே சொல்லிடுங்க. அதைச் சொல்லாம ஹிந்தி மட்டும் பேசினா ஒண்ணும் நடக்காது. போசரி எம்.ஐ.டி.சி. பக்கம் சின்னச் சின்ன ஒர்க் ஷாப்ல பிரஸ்ஸுக்குப் பஞ்சமே இல்ல.

இன்னும் நாலு சின்ன விஷயம்:

1. பழைய புஷ்ஷை எடுக்கறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் பாத்து இருந்துதுன்னு பெயின்ட்ல குறி போடச் சொல்லுங்க. சில புஷ்ல ரப்பருக்குள்ள வேணும்னே இடைவெளி விட்டிருப்பாங்க. திருப்பிப் போட்டா வேலை செய்யாது.

2. யூ போல்ட்டைப் புதுசாப் போடுங்க. பழசு இழுபட்டிருக்கும். போட்டு சில நாள் லோடு ஓடினதுக்கு அப்புறம் ஒரு தடவை முறுக்கைச் சரிபாருங்க.

3. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க. இடது பக்கம் புதுசும் வலது பக்கம் பழசுமா இருந்தா வண்டி இழுக்கத்தான் செய்யும்.

4. அளவுக்கு மேல ஏத்தாதீங்க. 2019 சட்டத் திருத்தப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. போலீஸ் கண்ணுல மண்ணைத் தூவினாலும் புஷ் கண்ணுல தூவ முடியாது.

பழைய பிக்கப் வண்டி பெரும்பாலும் மூணாவது கை, நாலாவது கைக்காரர்கிட்டதான் இருக்கும். முதல் கைக்காரர் ஷோரூம் சர்வீஸ்ல விட்டுட்டு ஏ.சி. ரூம்ல காபி குடிச்சிருப்பார். தேய்மானம் முழுக்க வந்து விடியறது கடைசிக் கைக்காரர் தலையில, அவர்கிட்டதான் காசு குறைச்சல். அவர் மிச்சம் பிடிக்கப் பாக்கற அந்த 1,150 ரூபாய்க்கு வட்டி கட்டறது சோட்டுவோட நெஞ்சு. இது ஓனர் நெஞ்சுல ஈரம் இல்லாததால வர்றது இல்ல. கேட்டு வாங்கணும்னு தெரியாததால, பட்டறையில பிரஸ் இல்லாததால, கடன் குடுக்கறவன் குனிஞ்சு பாக்காததால வர்றது. மூணையும் சரி பண்ண முடியும்.

அடுத்த தடவை வீடு மாத்த வண்டி பிடிக்கும்போது கீழ இருந்து கடக் கடக் சத்தம் கேட்டா, டிரைவர் அண்ணன்கிட்ட புஷ்ஷைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. உங்க பீரோ கண்ணாடிக்கும் அது நல்லது.

பி.கு.: வீட்லயே யூடியூப் பாத்து பட்டையைக் கழட்டறேன்னு யாரும் இறங்கிடாதீங்க. சுமையில இருக்கற பட்டையை விடுவிச்சா அது அடிக்கற அடி எலும்பை முறிக்கும். தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, பக்கத்துல நின்னு பாருங்க, கேள்வி கேளுங்க. நான் செய்யறதும் அவ்வளவுதான்.